இரத்தத்தில் கால்சியம் 7.4: மாத்திரையை இரட்டிப்பாக்கினால் போதுமா?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி 2025

அம்மாவுக்கு வயது 58. தைராய்டுக் கட்டிக்காக மூன்று வாரங்களுக்கு முன் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். சில நாட்களாக உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. நேற்றுப் பரிசோதித்ததில் கால்சியம் 7.4. வயதாகி எலும்பு தேய்ந்ததால்தான் இரத்தத்திலும் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். காலை ஒன்று, இரவு ஒன்று என 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை எழுதியிருந்தார்கள். அதை நானே நான்காக்கிவிடலாம் என்றிருக்கிறேன். வெறும் கால்சியம்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்?

4 ஜனவரி, இரவு 9.40

நீங்களாக நான்காக்க வேண்டாம். இப்போதே அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். 7.4 என்ற எண்ணையும் மதமதப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கை தானாக மடங்கி விறைத்தாலோ, மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று சத்தம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ தொலைபேசிக்காகக்கூடக் காத்திருக்காதீர்கள்.

எனக்கு மருத்துவப் பட்டம் எதுவும் இல்லை. 2014-இல் என் தைராய்டை எடுத்தார்கள். அன்று முதல் கால்சியம் எண்ணோடு வாழ்ந்துவருகிறேன். பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

4 ஜனவரி, இரவு 10.30

எலும்பு தேய்ந்ததால் இரத்தத்தில் குறைந்தது என்கிறீர்களே, அது தலைகீழ். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு சதவீதத்தில்தான் இரத்தமும் தசையும் நரம்பும் ஓடுகின்றன. இரத்தத்தில் சற்றுக் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். எலும்பு மெலிந்து முறியும் நிலைக்கு வந்தவர்களுக்கும் இரத்தக் கால்சியம் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பது இதனால்தான்.

ஆகவே இரத்தத்தில் எண் இறங்கியிருக்கிறது என்றால் அந்த நிரப்பும் வேலை எங்கோ நின்றிருக்கிறது. எங்கே என்று கேளுங்கள். பதினோரு ஆண்டுகளில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு கேள்விதான். இதைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டியதற்கு இரண்டு முறை விலை கொடுத்திருக்கிறேன். பின்னால் எழுதுகிறேன்.

5 ஜனவரி

அம்மாவை நேற்று இரவே சேர்த்து, நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளை.

அந்த அறிக்கையில் அல்புமின் எவ்வளவு என்று பாருங்கள். இரத்தத்தில் கால்சியம் மூன்று பங்காக இருக்கிறது. ஏறக்குறைய பாதி எதோடும் ஒட்டாமல் தனித்துத் திரிகிறது. அயனிக் கால்சியம் என்பது அதுதான், வேலை செய்வதும் அதுதான். சுமார் 40 சதவீதம் அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சம் சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றோடு சேர்ந்திருக்கிறது. சாதாரணப் பரிசோதனை மூன்றையும் கூட்டித்தான் சொல்லும். 100 மில்லி இரத்தத்துக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு என்பது அந்தக் கூட்டுத்தொகைக்கு.

நோயில் படுத்து அல்புமின் இறங்கியவருக்குக் கூட்டுத்தொகையும் இறங்கும். அயனி சரியாகவே இருக்கும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. அல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.8 கூட்ட வேண்டும். கால்சியம் 7.6, அல்புமின் 2.8 என்றால் 1.2 × 0.8 = 0.96. கூட்டினால் 8.56. பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் அம்மாவுக்கு அல்புமின் 4.1 என்கிறீர்கள். அப்படியானால் 7.4 என்பது 7.4-தான்.

6 ஜனவரி

யார் வேலையை நிறுத்தியது என்ற கேள்விக்கு வருகிறேன். தைராய்டின் பின்புறத்தில் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பெயர் பாராதைராய்டு. தைராய்டோடு பெயரில்தான் உறவு, வேலை முற்றிலும் வேறு. இரத்தக் கால்சியம் இம்மியளவு இறங்கினாலும் இவை ஹார்மோனை அனுப்பும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கும். சிறுநீரில் போகும் கால்சியத்தைத் தடுத்து பாஸ்பேட்டை வெளியேற்றும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றும். அந்த வடிவம் குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைக்கும்.

மனித உடலில் இவற்றைத் தனி உறுப்பாகக் கண்டு விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்த ஈவார் சான்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர். ஆண்டு 1880. அதற்கு முன்பே, 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் அதன் கழுத்தில் இதைக் கண்டு குறித்திருக்கிறார். காண்டாமிருகத்தின் கழுத்துக்குள் இத்தனை சிறிய மஞ்சள் உருண்டையைக் கவனித்த கண்ணை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

அறுவையின்போது இவை கொழுப்புத் துணுக்கு போலத் தெரியும். தைராய்டுக்குப் போகும் இரத்தக் குழாயிலிருந்தே இவற்றுக்கும் இரத்தம் வருகிறது. கத்தி படாவிட்டாலும் இரத்த ஓட்டம் நின்று மயங்கிப்போகலாம். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ விழித்துக்கொள்கின்றன. ஓராண்டு தாண்டியும் விழிக்காவிட்டால் நிரந்தரம் என்று கொள்கிறார்கள். என்னுடையது நிரந்தரம்.

6 ஜனவரி, பிற்பகல்

மேலே விட்டுப்போனது. என் அறுவைக்கு மறுநாள் மாலை செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பட்டையைப் புயத்தில் சுற்றிக் காற்றடித்தார். யாரோ கூப்பிட, காற்றை இறக்காமலே ஒரு நிமிடம் திரும்பி நின்றார். என் கை கட்டிலின் விளிம்பில் கிடந்தது. முதலில் கட்டைவிரல் மெல்ல உள்ளங்கைக்குள் போனது. பிறகு மணிக்கட்டு மடிந்தது. நான்கு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, நீட்டியபடியே முட்டியில் மட்டும் மடிந்து, பறவையின் அலகு போல நின்றன. வலியைவிடப் பயம்தான் பெரிது. விரிக்க நினைக்கிறேன், விரியவில்லை. கை என்னுடையதாகவே இல்லை. செவிலியர் திரும்பிப் பார்த்து, பட்டையைக் கழற்றிவிட்டு, ஓடினார். இரண்டு மூன்று நிமிடத்தில் கை தானாகத் தளர்ந்தது. கால்சியம் 6.8.

அறுவைக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் இது அதிகம் சரியும். வீட்டுக்கு அனுப்பும் முன் கால்சியம் பார்த்தார்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

8 ஜனவரி

டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். கால்சியம் குறைவில் வரும் விறைப்பு டெட்டனி. துருப்பிடித்த ஆணி குத்திய பயமெல்லாம் டெட்டனஸ். அது கிருமியின் நஞ்சால் வருவது. பெயர் மட்டுமே நெருக்கம். அந்த ஊசிக்கு இங்கே வேலை இல்லை.

9 ஜனவரி

காதுக்கு முன்னால் தட்டிப் பார்த்தால் உதட்டோரம் துடிக்கிறது, அப்படியானால் தனக்கும் கால்சியம் குறைவா என்று ஒருவர் பதறிக் கேட்டிருக்கிறார். அது குவோஸ்டெக் குறி. 1876-இல் விவரித்தவர் பெயரால் வழங்குகிறது. பத்துப் பேரில் ஒருவருக்காவது கால்சியம் சரியாக இருக்கும்போதே இது துடிக்கும். நெடுநாள் குறைவு உள்ளவருக்குத் துடிக்காமலும் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என் கையில் நடந்தது துரூசோ குறி. பாரிஸ் மருத்துவர் ஆர்மான் துரூசோ 1861-இல் சொன்னது. பட்டையை மேல் அழுத்தத்துக்குச் சற்று மேலே ஏற்றி மூன்று நிமிடம் வைப்பார்கள். இது எவ்வளவோ நம்பகமானது. ஆனாலும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை இருக்கும்போது அந்த வேதனை எதற்கு?

இன்னொன்று. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் உதடு மதமதக்கும், கை மடங்கும். கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. அப்போது அல்புமின் கூடுதலாகக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, அயனி குறைகிறது, கூட்டுத்தொகை மாறுவதில்லை. எனக்கு விறைப்பு வரும்போது பயம் வரும், பயத்தில் மூச்சு வேகமாகும், அதனால் விறைப்பு கூடும். இப்போது முதல் மதமதப்பிலேயே உட்கார்ந்து மூச்சை நிதானமாக்கிக்கொள்கிறேன். பிறகு மாத்திரை.

12 ஜனவரி

விலை கொடுத்தேன் என்றேனே, முதலாவது இது.

2018-இல், நான்கு ஆண்டுகள் ஒழுங்காக இருந்த எனக்குத் திடீரென்று பழைய எறும்புகள் திரும்பி வந்தன. இரவில் கெண்டைக்கால் குரக்கு இழுத்து எழுப்பியது. கால்சியம் 7.3. மாத்திரையைக் கூட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து 7.2. மறுபடி கூட்டினார்கள். 7.1. மூன்றாவது முறையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எட்டு மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வேறொரு மருத்துவர் நான் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் ஒரு பட்டையை எடுத்து, இதை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றார். அது நெஞ்செரிச்சலுக்கான ஒமிப்ரசோல். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. அன்றே மக்னீசியம் பார்க்கச் சொன்னார். 0.9. இயல்பு ஏறக்குறைய 1.7 முதல் 2.2.

மக்னீசியம் இவ்வளவு இறங்கினால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதே குறைகிறது. சுரந்த கொஞ்சத்துக்கும் எலும்பு செவிசாய்ப்பதில்லை. என்னிடம் பாதி உயிரோடு இருந்த ஒரே சுரப்பியும் வாயடைத்துப் போயிருந்தது. அந்த நிலையில் எத்தனை கால்சியம் விழுங்கினாலும் எண் ஏறாது. மக்னீசியத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். சில நாட்களில், மாத்திரையைக் குறைத்த பிறகும், கால்சியம் 8.2-க்கு வந்தது.

ஒமிப்ரசோல் வகை மருந்துகளை நெடுநாள் எடுத்தால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்திருக்கிறது. நெடுநாள் வயிற்றுப்போக்கு, மிகுந்த குடி, நீர் பிரிக்கும் சில மாத்திரைகள், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றாலும் குறையும். கால்சியம் ஏற மறுக்கிறது என்றால் அடுத்து கேட்க வேண்டிய சொல் மக்னீசியம். தயவுசெய்து இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜனவரி, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை நாளைக் காலையே நிறுத்திவிட வேண்டாம். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. மருத்துவரிடம் கேட்டே நிறுத்தினேன். எனக்கு வேறு வகை கொடுத்தார்.

13 ஜனவரி

கால்சியம் 4.9, பொட்டாசியம் 9.8 என்று அறிக்கை வந்த ஒருவர், எந்தத் தொந்தரவும் இல்லாமல் நன்றாகத்தான் நடமாடுகிறேன் என்கிறார். உடனே மறுபடி இரத்தம் கொடுங்கள், காத்திருக்க வேண்டாம். உண்மையாக இருந்தால் இரண்டு எண்களுமே இதயத்துக்கு ஆபத்து. ஆனால் இரத்தம் பிடித்த குழாயில் பிழை இருக்கவும் வாய்ப்பு மிகுதி. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற பொருள் கால்சியத்தைக் கவ்விப்பிடிக்கும். பொட்டாசிய உப்பாக இருப்பதால் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். இரத்தம் எடுக்கும்போது அந்தக் குழாயிலிருந்து சிறிதளவு மற்றதில் கலந்தாலே இப்படி வரும்.

17 ஜனவரி

மாத்திரை பற்றி. 500 என்று மருத்துவர் எழுதினார், பட்டையில் 1250 என்று இருக்கிறது, அளவு மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறவில்லை. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500. கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட்டில் 21 சதவீதம். பட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது எதன் எடை என்று பார்க்காமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கினால் அளவு பாதியாகிவிடும்.

கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். ஆகவே சாப்பாட்டோடு. சிட்ரேட்டை எப்போதும் எடுக்கலாம்; அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். எனக்கு 2018-இல் அடி இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. ஒமிப்ரசோல் மக்னீசியத்தையும் இறக்கியது, கார்பனேட்டையும் கரையவிடவில்லை.

ஒரே வேளையில் 500-க்கு மேல் விழுங்கினால் குடல் உறிஞ்சும் பங்கு குறைகிறது. பிரித்துப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாக எடுக்கும் தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தைராக்சின் உடம்பில் சேராது. இரும்புச்சத்து, சிப்ரோஃபிளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள்.

என் மேசையில் ஏழு நாள், நான்கு வேளை என்று 28 அறைகள் உள்ள ஒரு டப்பா இருக்கிறது. ஞாயிறு மாலை அதை நிரப்புவேன். விடிகாலை அறையில் தைராக்சின் மட்டும், தனியாக. மற்ற மூன்றிலும் பட்டாணியைவிடப் பெரிய வெள்ளைக் கால்சியம் மாத்திரை, இரண்டில் மட்டும் சிறு கால்சிட்ரியால் குமிழ் (வைட்டமின் டி-யின் வேலைசெய்யும் வடிவம்). மூடிகளில் எழுத்து அழிந்துவிட்டது. விரலாலேயே வேளை தெரியும். தவிர, கைப்பையிலும் படுக்கையருகிலும் மென்று தின்னும் மாத்திரை நான்கு. அது இல்லாமல் வெளியே கால் வைப்பதில்லை.

18 ஜனவரி

வைட்டமின் டி வாரம் ஒன்று கொடுக்கிறார்களே, கால்சிட்ரியால் எதற்கு? நல்ல கேள்வி. சாதாரண வைட்டமின் டி கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் ஒரு மாற்றமும் அடைந்தால்தான் வேலை செய்யும். இரண்டாவது மாற்றத்துக்குப் பாராதைராய்டு ஹார்மோனின் தூண்டுதல் வேண்டும். சுரப்பி உறங்கும்போது அந்தக் கதவு பாதி மூடியிருக்கிறது. கால்சிட்ரியால் என்பது மாற்றம் முடிந்த வடிவம்; நேரே வேலைக்குப் போகிறது, சில நாட்களில் பலன் தெரியும், நிறுத்தினாலும் சில நாட்களில் இறங்கிவிடும். சாதாரண டி கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் நிற்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது.

19 ஜனவரி

5-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். அந்த 0.8 கணக்கைச் சட்டம் போல எழுதிவிட்டேன். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், இரத்தத்தின் அமில காரச் சமநிலை கெட்டவர்கள் ஆகியோருக்கு அந்தக் கணக்கு அடிக்கடி பொய் சொல்லும். சந்தேகம் இருந்தால் அயனிக் கால்சியத்தையே நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 1.1 முதல் 1.3 மில்லிமோல் இயல்பு. மாதிரி காற்றுப் படாமல் விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் செய்வதில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று நான் அன்று எழுதிய வரியை யாரும் நம்பிவிடாதீர்கள்.

25 ஜனவரி

அறுவையே செய்துகொள்ளாதவர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். கால்சியத்தை மட்டும் பார்க்காமல் பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன், மக்னீசியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். கால்சியம் குறைந்து, பாஸ்பேட் கூடி, ஹார்மோனும் குறைவாக இருந்தால் சுரப்பி வேலை செய்யவில்லை. கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி, ஹார்மோன் ஏறியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் டி பற்றாக்குறை. பாஸ்பேட்டும் ஹார்மோனும் சேர்ந்து ஏறி, கிரியேட்டினினும் ஏறியிருந்தால் சிறுநீரகம். கிரியேட்டினின் சரியாக இருந்தும் அப்படி வந்தால், ஹார்மோன் இருந்தும் உடம்பு அதற்குப் பணியாத ஒரு பிறவிக் குறை உண்டு; 1942-இல் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் உடன் ஆய்ந்தவர்களும் விவரித்தார்கள்.

மற்றவை வேகமாக. கணைய அழற்சியில் சிதைந்த கொழுப்போடு கால்சியம் சோப்பு போலப் படிந்துவிடும். ஏராளமாக இரத்தம் ஏற்றும்போது அந்தப் பைகளில் உள்ள சிட்ரேட் அயனியைக் கவ்வும். ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கும். பிறந்த குழந்தைகளுக்கும் வரும். 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பாராதைராய்டு சரியாக உருவாகியிருக்காது.

சற்று நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எலும்புத் தேய்வுக்குப் போடும் டெனோசுமாப் ஊசி. எலும்பு கரைவதை அது நிறுத்துகிறது. அதாவது இரத்தம் கடன் வாங்கும் பெட்டியைப் பூட்டுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் வைட்டமின் டி குறைந்தவருக்கும் ஊசிக்குப் பின் சில நாட்களிலோ வாரங்களிலோ கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஊசிக்கு முன்பே கால்சியமும் டி-யும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

2 பிப்ரவரி

இரண்டாவது விலை. இதை எழுத மனம் வராமல்தான் தள்ளிப்போட்டேன்.

2018-க்குப் பிறகு எனக்குக் குறைவு என்றாலே நடுக்கம். எண் 9.8, 9.9 என்று வந்தால்தான் உறக்கம் வரும். மருத்துவர் குறைக்கச் சொன்னபோதெல்லாம் கெஞ்சிக் கூட்டியே வைத்துக்கொண்டேன். 2020-இல் ஒரு விடிகாலை வலப்பக்க விலாவிலிருந்து தொடை வரை கத்தியால் கிழிப்பது போல வலி. சிறுநீரகக் கல். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்ததில் கால்சியம் 420 மில்லிகிராம். பெண்களுக்கு 250-ஐத் தாண்டக் கூடாது.

பாராதைராய்டு ஹார்மோன் இல்லாத சிறுநீரகம் கால்சியத்தைப் பிடித்து வைக்காது. இரத்தத்தில் எண்ணை அழகாக வைத்திருக்க நான் ஊற்றியதெல்லாம் சிறுநீரில் கொட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இலக்கு இயல்பின் கீழ்விளிம்பு, அல்லது அதற்குச் சற்றுக் கீழே. உதடு மதமதக்காமல் இருந்தால் போதும். இப்போது என் எண் 8.3. நீர் பிரிக்கும் தயாசைடு வகை மாத்திரை ஒன்றும் எடுக்கிறேன். அது சிறுநீரில் போகும் கால்சியத்தைக் குறைக்கிறது. ஆண்டுக்கொரு முறை சிறுநீரகத்துக்கு ஸ்கேன், கண்ணுக்குப் பரிசோதனை. நெடுநாள் குறைவில் கண்புரை சீக்கிரம் வரும்.

வெறும் கால்சியம்தானே என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் முழுப் பதில்.

3 பிப்ரவரி

மாடு வளர்க்கும் ஒருவர் எழுதியிருக்கிறார்: கன்று ஈன்ற மறுநாள் பசு எழாமல் படுத்துவிட்டது, கால்நடை மருத்துவர் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார், எழுந்து நின்றுவிட்டது, இரண்டும் ஒன்றா? ஒன்றேதான். பால்காய்ச்சல் என்பார்கள், ஆனால் உடம்பு சுடாது, குளிர்ந்துதான் கிடக்கும். மடியில் திடீரென்று பால் இறங்கும்போது இரத்தத்துக் கால்சியம் அதில் போய்விடுகிறது. சுரப்பியும் எலும்பும் ஈடுகொடுக்கச் சில நாளாகிறது. தொடக்கத்தில் நடுக்கம், பிறகு துவண்டுபோய்த் தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்துவிடும். மனிதருக்கு விறைப்பு, பசுவுக்குத் தளர்ச்சி. நரம்பு தசைக்குச் சேதி சொல்லவே கால்சியம் வேண்டும். பசுவுக்கு அந்தச் சேதியே நின்றுபோகிறது. அந்தப் பசு எழுந்த கதையை நான்கு முறை படித்தேன்.

16 பிப்ரவரி

நரம்பு வழியாக ஏற்றியபோது அம்மாவுக்கு உடம்பெல்லாம் சூடு பரவியதாம், அது ஒவ்வாமையா? இல்லை, வேகமாகப் போனால் அப்படித் தோன்றும். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி என்பது சுமார் 93 மில்லிகிராம் கால்சியம். குளுக்கோஸ் நீரில் கலந்து, இசிஜி பார்த்துக்கொண்டே, பத்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு ஏற்றுவார்கள். கால்சியம் குறைந்தால் இசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்னோட்டத்தில் தூண்டப்பட்டு மீளும் நேரம், நீளும். அதனால் இதயத் துடிப்பு தடம் புரளலாம். ஓர் ஊசியின் பலன் இரண்டு மூன்று மணி நேரம்தான். பிறகு சொட்டுச் சொட்டாகத் தொடர வேண்டும். கால்சியம் குளோரைடில் அதே 10 மில்லியில் மூன்று மடங்கு இருக்கிறது. இரண்டுமே நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும், குளோரைடு இன்னும் கடுமை. ஏற்றும்போது கை எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

1 மார்ச்

குறைந்த ஹார்மோனையே ஊசியாகப் போட முடியாதா என்ற கேள்வி மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. முடியும். முழு ஹார்மோன் ஊசிக்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024 இறுதியோடு அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது பாலோபெக்டெரிபாரடைடு என்று தினம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இலும் அமெரிக்காவில் 2024-இலும் அனுமதி பெற்றது. மாத்திரை டப்பா இல்லாத ஒரு ஞாயிறு மாலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

9 மார்ச்

உங்கள் அறிக்கையைப் பார்த்தேன். கால்சியம் 8.6, பாஸ்பேட் 4.1, மக்னீசியம் 2.0, ஹார்மோன் 19. ஆய்வுக்கூடத்தின் இயல்பு 15 முதல் 65 என்று போட்டிருக்கிறது. ஜனவரியில் அதே ஹார்மோன் 4. அம்மாவின் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. இந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கண் நிறைகிறது.

இனி எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். எதை முதலில் குறைப்பது, எத்தனை நாளைக்கு ஒன்று என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். ஒவ்வொரு குறைப்புக்கும் பிறகு ஒரு பரிசோதனை. குறைத்த மறுநாள் உதட்டைச் சுற்றி எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த எண் வந்ததும் இங்கே போடுங்கள்.